உரப்புரைச் சாக்குக்குள் கிடந்த டிஸ்டிரிபியூட்டர்

இரணியல் பக்கம் எங்க சித்தப்பா வீட்டுச் சாய்ப்பில் ஒன்பது வருஷமாய்க் கிடந்த 1967 மாடல் அம்பாசிடர் மார்க் டூவைப் போன மார்கழியில் நான் எடுத்தேன். பெட்ரோல் வண்டி. இதைச் சொன்னாலே நம்மூரில் பாதிப் பேர் நம்புவதில்லை. டாக்சியாய் ஓடின அம்பாசிடர்கள் எல்லாம் எப்பவோ டீசலுக்கு மாறியாச்சு. இதில் மட்டும் பழைய 1489 சிசி எஞ்சின் அப்படியே இருந்தது. சித்தப்பாவுக்கு டீசல் நாத்தம் ஆகாது, அவ்வளவுதான் காரணம்.

ஸ்டார்ட் ஆச்சு. ஆனால் வில்லுக்குறி தாண்டினதும் விக்க ஆரம்பிக்கும். ஏற்றத்தில் இழுக்காது, ஆக்சிலேட்டரை மிதித்தால் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பது மாதிரி இருக்கும். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினோம், பம்ப் மாத்தினோம், டேங்கை இறக்கித் துரு தட்டினோம். பாதிச் சம்பளம் போச்சு. விக்கல் நிக்கவில்லை.

கோட்டாரில் எழுபது வயசு தாண்டின ஒரு ஆசான் இருக்கிறார். பட்டறை எல்லாம் மகனுக்குக் கொடுத்துவிட்டு வாசலில் பேப்பர் வாசித்துக்கொண்டிருப்பார். அவர்தான் எழுந்து வந்து பானெட்டுக்குள் ஒரு நிமிஷம் பார்த்தார். "மக்கா, இந்த டிஸ்டிரிபியூட்டர் இந்த வண்டிக்கு உள்ளது இல்ல" என்றார். ஒவ்வொரு பிளக்குக்கும் முறை வைத்து ஸ்பார்க்கைப் பிரித்துக் கொடுக்கும் சாமான் அது.

எப்படிக் கண்டுபிடித்தார் என்பதைத்தான் சொல்ல வந்தேன், ஏனென்றால் இதை யாரும் வீட்டிலேயே செய்யலாம். டிஸ்டிரிபியூட்டர் உடம்பில் அழுக்குப் படிந்த ஒரு இடத்தைப் பெட்ரோல் துணியால் துடைத்தார். ஒன்றும் தெரியவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சாக்பீஸ் துண்டை எடுத்து அந்த இடத்தில் தேய்த்து, விரலால் லேசாய்த் துடைத்துவிட்டார். குழியில் வெள்ளை நின்றது, எழுத்து எழும்பி வந்தது. லூகாஸ் கம்பெனி டிஸ்டிரிபியூட்டர் என்றால் ஐந்து இலக்க எண் ஒன்று, அதன் பக்கத்தில் செய்த வாரமும் வருஷமும் இருக்கும். என் வண்டியில் இருந்தது '23 81'. அதாவது 1981-ஆம் வருஷத்து 23-வது வாரம். வண்டி பிறந்து பதினான்கு வருஷம் கழிந்து பிறந்த சாமான்! ஒரிஜினல் என்றால் வண்டித் தேதிக்குச் சில மாசம் முன்னால்தான் இருக்கும், பின்னால் இருக்கவே முடியாது.

டிஸ்டிரிபியூட்டரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் வாக்குவம் டப்பியிலும் மூன்று எண் இருக்கும். எஞ்சின் உறிஞ்சும் இழுப்பில் ஸ்பார்க் நேரத்தை முன்னே நகர்த்துவது இந்த டப்பிதான். உதாரணத்துக்கு 5-13-10 என்று இருந்தால், 5 அங்குல (பாதரசக் கணக்கு) வாக்குவத்தில் இழுக்கத் தொடங்கும், 13-இல் முடியும், மொத்தம் 10 டிகிரி நகர்த்தும் என்று அர்த்தம். அந்த 10 டிஸ்டிரிபியூட்டர் கணக்கு, கிராங்க் கணக்கில் அது இரட்டிப்பு, 20. கண்டதை மாட்டினால் ஸ்பார்க் முந்தியோ பிந்தியோதான் விழும், ஏற்றத்தில் விக்கத்தான் செய்யும். வெளியிலிருந்து பார்க்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கும் என்பதுதான் வில்லங்கம்.

சித்திக்குப் போன் போட்டேன். "ஒங்க சித்தப்பா ஒரு ஆணியக்கூட தூரப் போட மாட்டாரு. உரப்புரையில சாக்கு ஒண்ணு கெடக்கு, பாரு" என்றார். உரப்புரை என்றால் உரல் கிடக்கும் புரை. போய்ப் பார்த்தால் உடைந்த திருகு, பழைய மணி, இரண்டு வெண்கலப் பூட்டு, அடியில் பேப்பர் சுற்றி ஒரு டிஸ்டிரிபியூட்டர். லூகாஸ் 25டி4 மாடல். சாக்பீஸ் போட்டுத் தேய்த்தேன். '9 67'. ஆர்.சி. புத்தகத்தில் வண்டி ஜூன் 67. நான் அங்கேயே உரல் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

பிரித்ததும் முதல் பாடம். மேல் தட்டுக்கு அடியில் இரண்டு எடைக்கட்டி, இரண்டு ஸ்பிரிங். வேகம் கூடக் கூட எடை விரிந்து ஸ்பார்க்கை முந்த வைக்கும், ஸ்பிரிங் அதைப் பிடித்து நிறுத்தும். கிரீஸ் காய்ந்து கோந்து மாதிரி இறுகிப் போயிருந்தது, எடை இரண்டும் அசையவே இல்லை. ஸ்பிரிங்கில் ஒன்று மெல்லிசு, ஒன்று தடி. தடியான ஸ்பிரிங்கின் வளையம் நீளமாய், தொளதொளவென்று கிடந்தது. இழுபட்டுப் போச்சு என்று நினைத்துப் பிளையரால் நெருக்கப் போனேன். ஆசான் கையில் ஒரு தட்டுத் தட்டினார். அது அப்படித்தான் இருக்கணுமாம். மெல்லிசு முதலில் வேலை செய்யும், வேகம் கூடின பிறகுதான் தடியன் உள்ளே வருவான், அதற்குத்தான் அந்த இடைவெளி. எத்தனை டிஸ்டிரிபியூட்டரை இப்படி 'சரி' பண்ணிக் கெடுத்திருப்பார்களோ.

ஷாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தார், ஆடியது. ஷாஃப்டைத் தாங்கும் புஷ் தேய்மானம். லேத்தில் புது புஷ் போட்டோம். போடுவதற்கு முன் ஒரு நாள் முழுக்க எஞ்சின் ஆயிலில் ஊறப் போடணும் என்றார், போட்டோம். வாக்குவம் டப்பியின் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, நுனியை நாக்கால் அடைத்துப் பிடித்தார். உள்ளே தட்டு நகர்ந்து, நகர்ந்த இடத்திலேயே நின்றது. டயாபிரம் கிழியவில்லை. "இது கெடச்சது லாட்டரி மக்கா" என்று துப்பிவிட்டுச் சொன்னார்.

இனி என் முட்டாள்தனம். பாயிண்ட் செட்டை நானே மாட்டுகிறேன் என்று வீராப்பாய்ச் சொன்னேன். திறந்து மூடிக் கரண்டை அறுத்து ஸ்பார்க்கை உண்டாக்குவது இந்தப் பாயிண்ட்தான். பழைய மாதிரி இரண்டு துண்டாய் வருவது. திறக்கும் இடைவெளி 15 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு), ஃபீலர் கேஜ் வைத்துக் கச்சிதமாய் வைத்தேன். டைமிங்குக்கு, அதாவது ஸ்பார்க் விழும் நேரத்தை வைக்க, வோல்டேஜை ஏற்றிக் கொடுக்கும் காயிலிலிருந்து பாயிண்டுக்குப் போகும் வயரில் ஒரு முனையும் பாடியில் ஒரு முனையுமாய் 12 வோல்ட் பல்பு வைத்தேன். பாயிண்ட் திறக்கிற நொடியில் பல்பு எரியணும். எரியவே இல்லை. எப்படித் திருப்பினாலும் இல்லை. காயில் மாத்தினேன், பாயிண்ட் கருகாமல் காக்கும் கண்டென்சரை மாத்தினேன், பேட்டரியைத் திட்டினேன். சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஏழரை வரை. கரண்ட் போய், டார்ச் அடித்துக்கொண்டு கடைசியில் ஆசானுக்கே போன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "வாஷர எங்க போட்ட?"

பாயிண்ட் ஸ்பிரிங் உட்காரும் கம்பத்தில் ஒரு நைலான் தொப்பி வரும், ஆசான் வாஷர் என்றது அதைத்தான். கண்டென்சர் வயரும் உள் வயரும் அந்தத் தொப்பிக்கு மேல் ஸ்பிரிங்கைத் தொட்டு உட்காரணும், கம்பத்தைத் தொடவே கூடாது. நான் வயர் முனையை அடியில் கொடுத்து அதன் மேல் தொப்பியை வைத்திருந்தேன். கரண்ட் நேரே பாடிக்குப் போய்விட்டது. அப்படிப் போனால் பாயிண்ட் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான், ஸ்பார்க் ஏது! சரியாய் மாட்டியதும் பல்பு சிரித்தது. அப்புறம் வாக்குவம் டப்பிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகை 'கிளிக் கிளிக்' என்று திருப்பி நுணுக்கமாய்ச் சரி செய்தேன். 11 கிளிக்குக்கு ஒரு டிகிரி.

மறுநாள் ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு ஓட்டம். போகும்போது பறந்தது. காற்றாலை எல்லாம் தாண்டி முப்பந்தலில் திரும்பும்போது, சொல்லாமல் கொள்ளாமல் படுத்துவிட்டது. அங்கே அடிக்கிற காத்தில் பானெட்டைத் திறந்து பிடிக்கவே இரண்டு பேர் வேணும். டிஸ்டிரிபியூட்டருக்குள் சுழன்று ஒவ்வொரு பிளக் வயருக்கும் கரண்டைக் கொடுக்கும் ரோட்டார் மட்டும் புதுசு, இணையத்தில் வாங்கினது, பளபளவென்று கறுப்பு. அதை அதன் இடத்திலேயே வைத்து, காயிலிலிருந்து வரும் தடி வயரை அதன் பித்தளைத் தகட்டுக்குக் கிட்டே பிடித்துப் பாயிண்டைத் தட்டினேன். ரோட்டாருக்குள் ஸ்பார்க் போனது. போகக் கூடாது. நடுவில் அடித்திருந்த ரிவெட் வழியாய் ஷாஃப்டுக்கு ஒழுகுகிறது. சாக்கில் கிடைத்த சித்தப்பாவின் பழைய ரோட்டார் டேஷ்போர்டில் இருந்தது, ரிவெட் இல்லாத பழைய வார்ப்பு. மாட்டினேன். நாகர்கோவில் வரை நிற்கவில்லை.

உங்களுக்கும் இந்த மாதிரி அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

குலசேகரத்திலிருந்து ஒருவர்:

எங்கிட்ட இருக்கது அம்பாசிடர் இல்ல, எஸ்டேட்டுல ஓடுன பழைய மகிந்திரா ஜீப்பு. அதுல பாயிண்ட் இடைவெளி வேற கணக்கு, 20 தவ். அம்பாசிடர் மெக்கானிக்கு வந்து 15 வச்சிட்டுப் போயிட்டாரு, ஜீப்பு ஒரு வாரம் மொறச்சுக்கிட்டு நின்னுச்சு.

நான் சொல்ல வந்தது கண்டென்சர் பத்தி. ஒரிஜினல் ஒரிஜினல்னு கும்புடுற ஆளுங்க இத ஒண்ணு புரிஞ்சுக்கணும் அண்ணே: அம்பது வருசக் கண்டென்சர் ஒரிஜினலா இருந்தா அது ஒரிஜினல் தலவலி. எங்க ஜீப்பு காலையில சுகமா ஓடும். எஞ்சின் சூடானா, சரியா இருவது நிமிசத்துல இருமும். ஆறுன பிறகு மறுபடி ஓடும். ரெண்டு மாசம் பெட்ரோல் லைன்ல காத்துன்னு சொல்லி ஏமாத்துனானுவ. கடைசியில பாயிண்ட தெறந்து பாத்தா மூஞ்சி நீலமா கருகி, ஒரு பக்கம் குழி, எதிர்ப் பக்கம் குன்னு. அது கண்டென்சர் போன அடையாளம். உள்ள இருக்க காகிதத்துல ஈரம் ஏறிரும், சூடானா ஒழுகும். இடவப்பாதி மழையில நிக்கிற வண்டிக்கு இது வராம இருந்தாத்தான் அதிசயம். பழசக் கழத்திப் பெட்டியில வச்சுக்கிட்டு, நல்லதா ஒண்ணு மாட்டுங்க. வெளிய தெரியவா போவுது?

குளச்சலிலிருந்து ஒருவர்:

கடலுக்கு அரை கிலோமீட்டரில் வண்டி வைத்திருப்பவர்களுக்காக. டிஸ்டிரிபியூட்டரின் அலுமினிய உடம்பும் எஞ்சினின் இரும்பும் சேரும் இடத்தில் உப்புக்காத்து பட்டு வெள்ளைப் பொடி பூத்து, இரண்டும் ஒட்டிக்கொள்ளும். என்னுடையது கிளாம்பைத் தளர்த்தின பிறகும் அசையவில்லை. ஒருவர் வந்து சுத்தியலால் ஒரு அடி கொடுத்தார், உடம்பில் விரிசல். அந்த ஒரு அடிக்காக மதுரை வரை அலைந்தேன். அடுத்த தடவை டீசலில் ஊற வைத்து, நாலு நாள் காலையும் மாலையும் கையாலேயே இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மெல்லத் திருகினேன், வந்தது. மாட்டும்போது கொஞ்சம் கிரீஸ் தடவினால் அடுத்த தலைமுறை வாழ்த்தும்.

மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர்:

காயிலைப் பத்தி யாரும் சொல்லவில்லையே? எனக்குப் பாயிண்ட் மாசம் ஒன்று எரிந்தது. கடைக்காரர் கொடுத்த புதுக் காயிலில் எழுத்தெல்லாம் அழகு. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் பிரைமரி 1.5 ஓம். அது பாலாஸ்ட் ரெசிஸ்டர், அதாவது காயிலுக்குப் போகும் கரண்டைக் குறைக்கும் தனி ரெசிஸ்டர், உள்ள வண்டிக்கானது. நம்ம பழைய வண்டிக்கு 3 ஓமுக்குக் கிட்ட வரணும். ஓம் பாதியானால் கரண்ட் இரட்டிப்பு, காயிலில் தோசை சுடலாம். வாங்கும்போது மீட்டரைக் கையோடு கொண்டு போங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

இன்னொன்று: பழைய லூகாஸ் காயிலில் பிளஸ் மைனஸ் இருக்காது, எஸ்டபிள்யூ, சிபி என்று இருக்கும். முதலாவது ஸ்விட்சிலிருந்து வருவது, இரண்டாவது பாயிண்டுக்குப் போவது. அந்தக் காயில்கள் பாசிட்டிவ் எர்த் காலத்துச் சாமான், அதாவது பேட்டரியின் பிளஸ் முனையைப் பாடியில் கொடுத்த காலம். நெகட்டிவ் எர்த்துக்கு மாத்தின வண்டி என்றால் இரண்டு வயரையும் மாத்திப் போடணும். மாத்தாவிட்டாலும் ஓடும், ஆனால் ஸ்பார்க் சோம்பும். சோதிக்க மீட்டர்கூட வேண்டாம். பிளக் வயரை பிளக்குக்கு எதிரே பிடித்து நடுவில் பென்சில் முனையை வையுங்கள். பொறி பிளக் பக்கம் சிதறினால் சரி, வயர் பக்கம் சிதறினால் தலைகீழ்.

முதலில் எழுதியவர்:

குலசேகரம் அண்ணே, ஒத்துக்கொள்கிறேன். என் கண்டென்சரும் புதுசுதான், சித்தப்பாவுடையது ஷோகேசில். என் கணக்கு இதுதான்: உடம்பு, ஷாஃப்ட், வாக்குவம் டப்பி, ஸ்பிரிங் இந்த நான்கையும் உயிர் போனாலும் மாத்த மாட்டேன். பாயிண்ட், கண்டென்சர், உள்ளே ஓடும் பஞ்சு வயர் இதெல்லாம் தேய்கிற சாமான், அதில் ரோஷம் வேண்டாம். அந்தப் பஞ்சு வயரையும், தட்டுக்கு எர்த் கொடுக்கும் சின்னப் பின்னல் வயரையும் பாருங்கள். உறைக்குள் அறுந்திருக்கும், பார்க்க முழுசாய்த் தெரியும். வாக்குவம் இழுக்கும்போதெல்லாம் மிஸ் அடிக்கும்.

மார்த்தாண்டம் அண்ணாச்சி, காயில் அளந்தேன், 3.1. தப்பித்தேன்.

இப்போது மிச்சம் ஒன்றுதான், கேப், அதாவது பிளக் வயர் எல்லாம் வந்து சேரும் டிஸ்டிரிபியூட்டர் மூடி. வயர் பக்கவாட்டில் நுழைந்து, உள்ளேயிருந்து ஊசித் திருகு குத்திப் பிடிக்கும் பழைய மாதிரி. என்னுடையதில் இரண்டு கம்பத்துக்கு நடுவே மயிர் போல கறுப்புக் கோடு ஓடியிருக்கிறது, மழை பெய்தால் அதன் வழியாய்க் கரண்ட் தாவுகிறது. மேலிருந்து செருகும் கேப் கடையில் கிடைக்கும், ஆனால் பானெட்டைத் திறந்தால் கண்ணை உறுத்தும். யாரிடமாவது இருக்கிறதா?

குளச்சலிலிருந்து:

விரிசல் விட்டுச்சுன்னு சொன்னேனே, அந்த டிஸ்டிரிபியூட்டரின் கேப் நல்லாத்தான் இருக்கு, பக்கவாட்டு மாதிரிதான். ஆனா செம்புக் கம்பி வயர்தான் போடணும், இப்ப வர்ற கார்பன் வயரில் ஊசி குத்தினா நிக்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வடசேரிச் சந்தைக்கு மரச்சீனிக் கிழங்கு வாங்க வருவேன். எடுத்துட்டு வரட்டா?

முதலில் எழுதியவர்:

ஏழு மணிக்குச் சந்தை வாசலில் நிற்பேன். வண்டியிலேயே வருகிறேன், மழை பெய்யாவிட்டால்.