‘சிக்ஸ்த் சென்ஸ்’: விலங்குக்கு ஆறாம் அறிவு என்று எழுதலாமா?

அன்புள்ள சொல்லாக்கக் குழும நண்பர்களுக்கு,

மூன்று நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கேள்வியைக் கிளப்பிவிட்டவனே நான்தான் என்பதால் இனியும் வாய்மூடி இருப்பது முறையல்ல. புதிதாக வந்தவர்களுக்கு: பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒரு சிற்றிதழில், நாய், பூனை, மற்ற விலங்குகளுக்கெல்லாம் ‘சிக்ஸ்த் சென்ஸ்’ இருக்கிறதா என்று ஒரு கட்டுரை எழுத ஒத்துக்கொண்டேன். தலைப்பைத் தாண்டவே முடியவில்லை, ‘சிக்ஸ்த் சென்ஸ்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல் போடுவது என்று உங்களைக் கேட்டிருந்தேன்.

> ஆறாம் அறிவு என்றே போடுங்கள் தம்பி, எல்லாருக்கும் புரியும்.

புரியும் அண்ணா, ஆனால் வேறொன்றாகப் புரியும். ‘ஆறறிவு இருக்கா உனக்கு’ என்று வீட்டில் பையனைத் திட்டும்போது அந்த ஆறாவது, யோசிக்கிற புத்தி. இது இன்று நேற்று வந்த வழக்கில்லை. தொல்காப்பிய மரபியல் தொடுவுணர்வில் தொடங்கி நாக்கு, மூக்கு, கண், செவி என்று ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போய் ‘ஆறறி வதுவே அவற்றொடு மனனே’ என்று முடிக்கிறது. ஆறாவது என்பது மனம். ‘மாவும் மாக்களும் ஐயறி வினவே’ என்று விலங்கை ஐந்தில் நிறுத்திவிட்டு, ‘மக்கள் தாமே ஆறறி வுயிரே’ என்று நமக்கு மட்டும் ஒரு படி மேலே இடம். ஆக ‘நாய்க்கு ஆறாம் அறிவு உண்டா’ என்று தமிழில் கேட்டால், நாய் யோசிக்குமா என்றுதான் பொருள். நான் எழுதப் போவதோ கண், காது, மூக்குக்கு எட்டாத ஒன்றை அது எப்படித் தெரிந்துகொள்கிறது என்பதை. இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

இதற்குத் தமிழாசிரியர் ஐயா ஒரு போடு போட்டார், ரசித்தேன். தொல்காப்பிய உரைகாரர் இளம்பூரணர் பாடத்தில் ‘ஒருசார் விலங்கும் உளவென மொழிப’ என்று ஒரு நூற்பா இருக்கிறதே, கிளி, குரங்கு, யானை எல்லாம் ஆறறிவுள்ளவை என்று அவரே உரை சொல்கிறாரே என்று. உண்மைதான் ஐயா. ஆனால் அங்கேயும் யானைக்குக் கொடுத்தது மனம்தான், மர்மம் இல்லை. கட்டுரையில் இதற்கென்று ஒரு பெட்டிச் செய்தி போடுகிறேன், தலைப்புக்கு உதவாது.

> அப்படியானால் ஆறாம் புலன்?

முதலில் நானும் அதைத்தான் எழுதி வைத்திருந்தேன். பிறகு அடித்தேன். ‘புலன்’ சரி, ‘ஆறாம்’தான் இடிக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு உங்கள் மூக்கு நுனியைத் தொட்டுப் பாருங்கள். கை எங்கே இருக்கிறது என்று சொன்னது ஐந்தில் எது? விழாமல் நிற்க உதவுவது உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு, அதுவும் ஐந்தில் சேராது. நம்மிடமே எண்ணிக்கை ஐந்தைத் தாண்டிவிட்டது. ஆஸ்திரேலியாவில் வாத்து போன்ற அலகுள்ள பிளாட்டிபஸ் என்ற பாலூட்டி, தண்ணீருக்குள் முங்கியதும் கண், காது, மூக்கு மூன்றையும் அடைத்துக்கொள்கிறது, ஆனாலும் இரை தப்புவதில்லை. அலகில் இருக்கும் சுமார் 40,000 உணர்விகள், இரையின் தசை அசையும்போது எழும் மின்சாரத்தைப் பிடிக்கின்றன. சுறாவின் மூஞ்சியில் உள்ள துளைகளை லொரென்சினி 1678லேயே எழுதி வைத்துவிட்டார், மணலுக்குள் புதைந்திருக்கும் மீனை அது மின்சாரத்தை வைத்தே கண்டுபிடிக்கிறது என்று கல்மைன் காட்டியது 1971ல். ராபின் குருவி பூமியின் காந்தத்தை வைத்துத் திசை பார்க்கிறது என்பதை 1960களில் பிராங்க்ஃபர்ட்டில் வில்ச்கோ கண்டார். இதில் எதற்கு ஆறாம் எண் கொடுப்பது, எதற்கு ஏழு?

வௌவால் கதை நமக்கு, அதாவது சொல் பண்ணுகிறவர்களுக்கு, ரொம்பவே பொருந்தும். 1790களில் இத்தாலியில் ஸ்பல்லன்சானி பார்க்கிறார்: கண்ணைக் குருடாக்கிய வௌவால் எதிலும் முட்டாமல் பறக்கிறது. ஏதோ ஆறாவது புலன் இருக்கலாம் என்று அவரே நினைத்தார். ஜெனீவாவில் ஜூரின் என்ற மருத்துவர் காதை அடைத்துப் பார்த்தார், முட்டிக்கொண்டு விழுந்தது. காதால் பார்க்கிறதா என்று உலகம் சிரித்துவிட்டு மறந்துபோனது. 1938ல் ஹார்வர்டில் மாணவராக இருந்த டொனால்ட் கிரிஃபின், மீயொலியை, அதாவது நம் காதுக்கு எட்டாத மிக உச்ச ஒலியைப் பிடிக்கும் பியர்ஸின் கருவிமுன் வௌவாலைக் கொண்டுபோய் வைத்த பிறகுதான் வௌவால் தானே ஒலி எழுப்பி, அதன் எதிரொலியைக் கேட்டு வழி பார்க்கிறது என்ற விஷயம் வெளியே வந்தது. 1944ல் அவரே அதற்கு ஒரு பெயரும் வைத்தார். நாம் எதிரொலி இடமறிதல் என்கிறோமே, அதுதான். பெயர் வந்த பிறகு வௌவால் விஷயத்தில் ஆறாம் புலன் என்ற பேச்சு எடுபடவில்லை. எனக்கு ‘ஆறாம்’ பிடிக்காததற்கு இதுதான் காரணம்: நமக்குப் புரியாததையெல்லாம் அள்ளிப் போட்டு வைக்கும் மூட்டையாக அது ஆகிவிட்டது. கட்டுரை அந்த மூட்டையைப் பிரிக்க வேண்டும், கட்டக் கூடாது.

பிரித்தால் மூன்றாகப் பிரிகிறது.

ஒன்று, நம்மிடம் உள்ள அதே புலன், ஆனால் நம்மால் எட்ட முடியாத அளவுக்கு. யானைகள் குற்றொலியில், அதாவது நம் காதுக்கு எட்டாத அளவுக்குத் தாழ்ந்த ஒலியில் பேசிக்கொள்கின்றன என்று கேட்டி பெய்ன் 1980களில் கண்டது இந்த வகை. நாயின் மோப்பமும் இதே. எங்கள் வீட்டு நாய் என் தம்பி தெருமுனை திரும்புவதற்கு முன்பே கேட்டுக்குப் போய் நிற்கும், அம்மா அதற்கு ‘தெய்வாம்சம்’ என்றே பெயர் வைத்திருந்தார். தம்பி பழைய பைக்கை விற்றுவிட்டு ஸ்கூட்டரில் வர ஆரம்பித்தான். இரண்டு வாரம் நாய் திண்ணையைவிட்டு எழவில்லை, அவன் கேட்டைத் திறந்த பிறகுதான் துள்ளும். பிறகு ஸ்கூட்டர் சத்தமும் பழகிவிட்டது, தெய்வாம்சம் திரும்ப வந்துவிட்டது.

இரண்டு, நம்மிடம் இல்லவே இல்லாத புலன். மின்சாரம், காந்தம் இரண்டும் மேலே சொன்னவை. குழிவிரியனுக்குக் கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே இருக்கும் குழி இருட்டில் எலியின் உடற்சூட்டைப் பிடிக்கும். நாய்க்கும் காந்தம் தெரியுமோ என்று 70 நாய்களை வைத்துப் பார்த்த 2013ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று உண்டு: பூமியின் காந்தம் அலைபாயாத நேரங்களில் அவை வடக்கு தெற்காக நின்று மலம் கழிக்கின்றன என்று எழுதினார்கள், மறு ஆண்டு, முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக்நோபல் பரிசும் கிடைத்தது. பிள்ளைகள் கட்டுரையில் இந்த வரியை மட்டும் படித்துவிட்டு மொட்டைமாடிக்கு திசைகாட்டியோடு ஓடப்போகிறார்கள்.

மூன்றாவது, நடக்கப்போவதை முன்பே அறிவது. சிக்கல் எல்லாம் இங்கே.

> சுனாமிக்கு முன்னமே யால காட்டு யானைகள் எல்லாம் உள்ளுக்குப் போய்விட்டன எண்டு நாங்கள் கேள்விப்பட்டனாங்கள். அதுக்கு என்ன சொல்லுவியள்?

யாழ்ப்பாணத்து அக்காவுக்கு: நானும் அப்படித்தான் கேள்விப்பட்டேன், நம்பியும் இருந்தேன். ஆனால் 2004 டிசம்பர் 26 அன்று இலங்கையின் அந்த யால பகுதியில் இரண்டு யானைகளுக்குச் செயற்கைக்கோள் கழுத்துப்பட்டை கட்டியிருந்தது. அவை எங்கே எப்போது போயின என்று பார்த்து 2006ல் எழுதினார்கள். முன்கூட்டியே தெரிந்து ஓடியதற்கு அடையாளம் இல்லை. இரண்டே யானைதான், அதை வைத்து எல்லாவற்றையும் முடித்துவிட முடியாது என்பதும் சரி. இத்தாலியில் 2009ல் லாக்குவிலா நிலநடுக்கத்துக்கு ஐந்து நாள் முன்னால், 74 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஒரு ஏரியில் ஆண் தேரைகளில் 96 விழுக்காடு இடத்தைக் காலி செய்ததாக ரேச்சல் கிரான்ட் எழுதினார். வியப்பான செய்திதான், ஆனால் ஒரு நிலநடுக்கம், ஒரு ஏரி. சீனாவில் 1975 பிப்ரவரியில் ஹைச்செங் நிலநடுக்கத்துக்கு முன் பாம்பெல்லாம் குளிர்காலத்திலேயே வெளியே வந்தன என்று பேசுவார்கள், சிறுசிறு அதிர்வுகள் தொடர்ந்து வந்ததும் சேர்ந்துதான் ஊரைக் காலி செய்தார்கள். அடுத்த ஆண்டு ஜூலையில் தாங்ஷான் நிலநடுக்கத்தில் இரண்டு லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள், அங்கே முன்னெச்சரிக்கை எதுவும் போகவில்லை. நிலநடுக்கத்தின் முதல் அலை மெல்லியது, அதை நாய் உணர்ந்து குரைத்தால் சில நொடி முந்தலாம். அதற்கு மேல் இன்னும் யாரும் உறுதியாக நிறுவவில்லை. எனவே மூன்றாவதற்குப் புலன் என்ற பட்டம் இப்போதைக்குக் கிடையாது, வெறும் முன்னறிதல் போதும்.

சரி, சொற்கள்.

முதல் வகைக்குக் கூர்ப்புலன் என்றேன். ஈழத்தில் பரிணாமத்துக்குக் கூர்ப்பு என்பார்கள், பிள்ளைகள் குழம்பும் என்று அக்கா சொன்னது நியாயம். கூர்தல் என்றால் மிகுதல், வினைத்தொகையாக எடுத்தால் ஒற்று மிகாது: கூர்புலன். இதை வைத்துக்கொள்கிறேன்.

இரண்டாம் வகைக்கு அதீதப்புலன், மறைபுலன், மீப்புலன் என்று வந்தவை எல்லாமே பேய்க்கதைத் தலைப்பு மாதிரி இருக்கின்றன, கோபித்துக்கொள்ளாதீர்கள். சுறாவுக்கு மின்சாரம் அதீதம் இல்லை, அன்றாடம். நமக்குத்தான் அது வெளியூர். வேற்று மொழி, வேற்று நாடு மாதிரி வேற்றுப்புலன் என்று சொல்லிப் பாருங்கள். நம்முடையது அல்லாத புலன், அவ்வளவே. எண்ணும் இல்லை, மந்திரமும் இல்லை.

அதன் உட்பிரிவில் ஒரு வேடிக்கை. காந்தத்தை உணரும் புலனைக் காந்தப்புலன் என்றால், பாடநூலில் ஏற்கெனவே காந்தப்புலம் உட்கார்ந்திருக்கிறது. ‘காந்தப்புலன் காந்தப்புலத்தை உணரும்’ என்று எழுதினால் அச்சுப்பிழை என்று நினைத்துத் திருத்திவிடுவார்கள். நிலம், நிலன் போலப் புலமும் புலனும் போலி என்று இலக்கணமும் கைவிரித்துவிடும். பொறி என்று போகலாமா என்றால் குழிவிரியனுக்கு வெப்பப்பொறி, அது நீராவி எஞ்சின் ஆகிவிடும். அதனால் உட்பிரிவுகளில் மட்டும் உணர்வு: காந்த உணர்வு, மின்னுணர்வு, வெப்பவுணர்வு.

உள்ளுணர்வு என்று இருவர் எழுதியிருந்தீர்கள். அது நமக்கு மனசில் படுவது. ஆமைக்குஞ்சு பொரிந்ததும் கடல் பக்கம் ஓடுவதற்கு இயல்பூக்கம், அதாவது பிறவியிலேயே வரும் உந்துதல் என்ற சொல் இருக்கிறது. இரண்டையும் இதில் இழுக்க வேண்டாம்.

தலைப்பை ‘நாய்க்கு வேற்றுப்புலன் உண்டா?’ என்று மாற்றி அனுப்பப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை வரை நேரம் இருக்கிறது, அதற்குள் யாராவது மேலான சொல் தந்தால் மாற்றிவிடலாம். மற்றபடி காந்த உணர்வைப் பிரித்து எழுதுவதா, காந்தவுணர்வு என்று சேர்த்து எழுதுவதா என்று தமிழாசிரியர் ஐயா ஒரு வரி போட்டால் போதும். மின்னுணர்வைச் சேர்த்தும் இதைப் பிரித்தும் எழுதியிருக்கிறேன், பார்க்கவே நன்றாக இல்லை.