ஒப்பரேஷனுக்கு முன் கொழுப்புக் குளிசையை நிறுத்துவதா?

வரம்போரம் (மல்லாவி):
அப்பாவுக்குக் காலுக்குப் போகிற இரத்தக்குழாய் அடைத்துவிட்டது. கொஞ்சத் தூரம் நடந்தாலே கெண்டைக்கால் இறுகி நின்றுவிடுகிறார். அடுத்த கிழமை யாழ்ப்பாணத்தில் பைபாஸ் ஒப்பரேஷன். பல வருடமாக இரவில் அற்றோவாஸ்டற்றின் 20 என்ற கொழுப்புக் குளிசை போடுகிறவர். சித்தப்பா வந்து, "வெட்டுக்கு முன்னம் எல்லாக் குளிசையையும் நிப்பாட்ட வேணும், இல்லாட்டி இரத்தம் நிக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார், அதோடு அப்பா குளிசைப் பையைத் தொடுவதே இல்லை. கிளினிக் கொப்பியில் இதைப் பற்றி ஒன்றும் எழுதியில்லை. என்ன செய்வது?

காட்டுப்பாலை:
நிறுத்துங்கள், தம்பி. இந்தக் குளிசை சிலருக்குத் தசையைப் பாதிக்கும், கடுமையானால் சிதைந்த தசை சிறுநீரகத்தைப் போய் அடைக்கும். பெட்டிக்குள் வருகிற தாளிலேயே பெரிய சத்திரசிகிச்சை, கடும் கிருமித்தொற்று, பிரசர் விழுதல் போன்ற நேரங்களில் தற்காலிகமாக நிறுத்துவது பற்றி எழுதியிருக்கும். 2002இல் அமெரிக்க இதய வைத்தியர் அமைப்புகளும் அதைத்தான் சொன்னார்கள்.

வார்டுத்தாதி (வவுனியா):
2002இல் சொன்னதைப் பிடித்துக்கொண்டு ஒரு நோயாளியின் குளிசையை நிறுத்தச் சொல்லாதீர்கள் அண்ணை. அதே அமைப்புகள் 2014இல், ஏற்கெனவே ஸ்டற்றின் (அற்றோவாஸ்டற்றின் போன்ற கொழுப்புக் குளிசை இனம்) எடுக்கிறவர்கள் ஒப்பரேஷனிலும் தொடரவேண்டும் என்று தெளிவாக எழுதிவிட்டார்கள். வெட்டுக்குப் பிறகு உடம்பு முழுக்க அழற்சி கூடும், இரத்தம் உறையும் தன்மையும் கூடும், அந்த நேரத்தில் இதயக்குழாயில் படிந்திருக்கும் கொழுப்புத் திட்டு வெடித்தால் மாரடைப்புத்தான். காலில் குழாய் அடைத்த ஒருவருக்கு இதயத்திலும் அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். சித்தப்பா சொல்கிற இரத்தப்போக்குப் பயம் அஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் குளிசைகள் பற்றியது. அவற்றை நிறுத்துவதா இல்லையா என்பது வேறு கதை, அதை சேர்ஜன்தான் சொல்லவேண்டும்.

காட்டுப்பாலை:
தங்கச்சி, அந்த ஆதாரத்தின் கதையையும் சொல்லுங்கள். நெதர்லாந்தின் ரொட்டர்டாமில் போல்டர்மன்ஸ் என்ற பேராசிரியர் 2009இல் இரத்தக்குழாய் ஒப்பரேஷனுக்கு புளூவாஸ்டற்றின் நல்லது என்று ஆய்வு வெளியிட்டார். 2011இல் ஆய்வு முறைகேட்டுக்காக அவரைப் பல்கலைக்கழக மருத்துவமனை வேலையை விட்டே நீக்கியது. 2016இல் 1922 இதய ஒப்பரேஷன் நோயாளிகளுக்கு ரோசுவாஸ்டற்றின் 20 கொடுத்துப் பார்த்ததில் இதயத்துக்கு ஒரு நன்மையும் இல்லை, சிறுநீரகப் பாதிப்பு கூடத்தான் வந்தது. இதை எல்லாம் மறைத்துவிட்டு நோயாளிக்கு எப்படி உறுதி கொடுக்கிறீர்கள்?

வார்டுத்தாதி (வவுனியா):
மறைக்கவில்லை, அந்த மனிதர் செய்தது மன்னிக்க முடியாத காரியம். ஆனால் 2016இல் பார்த்தது ஒப்பரேஷனை ஒட்டிச் சில நாட்களுக்குக் கொடுத்த மருந்தை. பிரேசிலிலும் ஸ்டற்றின் எடுக்காத 648 பேருக்கு, இதயம் அல்லாத ஒப்பரேஷன்களுக்கு முன், அற்றோவாஸ்டற்றினைக் கூடின அளவில் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் தெரியவில்லை. ஆகவே எடுக்காத எல்லாருக்கும் கடைசி நேரத்தில் அள்ளிக் கொடுக்கத் தேவையில்லை, அதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். இங்கே கேள்வி அது இல்லையே. இந்த ஐயா வருடக்கணக்கில் எடுக்கிறவர். பிரான்சில் வயிற்றுப் பெருநாடி ஒப்பரேஷன் செய்தவர்களை வைத்து 2007இல் எழுதினார்கள்: குளிசை நாலு நாளளவில் தடைப்பட்டவர்களுக்கு, மறுநாளே திரும்பத் தொடங்கியவர்களை விட இதயத்தசைப் பாதிப்பு அதிகம்.

காட்டுப்பாலை:
அது இரண்டு வேறு காலத்து நோயாளிகளை ஒப்பிட்டது. சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்த ஆய்வு இல்லை.

வார்டுத்தாதி (வவுனியா):
இல்லைத்தான். ஆனால் தொடர்வதால் கெடுதல் என்று காட்டியது எது? தசைச் சிதைவு மிக அரிது. மாரடைப்பு அரிதில்லை.

குளக்கட்டு (முத்தையன்கட்டு):
ஆய்வுகளை விட எங்கள் பக்கத்துப் பிரச்சினை வேறு. அம்மாவுக்கு ஒப்பரேஷன் முடிந்து வார்டுக்கு வந்தபோது குளிசைப் பை வீட்டில். "இரவு 1" என்று பேனையால் எழுதின கடதாசி உறைகளைக் கிழித்து, மாமி எல்லாவற்றையும் ஒரே டின்னுக்குள் கொட்டி வைத்திருந்தார், எது கொழுப்புக் குளிசை எது பிரசர் குளிசை என்று யாருக்கும் தெரியவில்லை. வார்டில் சார்ட்டில் எழுதினதைத்தான் கொடுப்பார்கள். நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லாமலே நின்றுபோனது. உறைகளோடும் கொப்பியோடும் கொண்டுபோங்கள், முதல் நாளே மயக்கமருந்து டொக்டரிடம் காட்டி எழுதுவியுங்கள்.

வார்டுத்தாதி (வவுனியா):
இதுதான் நடக்கிறது! ஸ்டற்றினை ஊசியாக ஏற்ற வழியில்லை, வாயால்தான். விழுங்க முடியாவிட்டால் மூக்குக் குழாயால் கொடுக்கலாமா என்று கேளுங்கள்.

காட்டுப்பாலை:
சரி, தொடரட்டும். ஆனால் பிரசர் விழுந்தால், தசை நோ வந்து சிறுநீர் தேயிலைச் சாயம் மாதிரிப் போனால், உடனே நிறுத்தி CPK (தசைச் சிதைவைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) பார்க்க வேண்டும். அதை நான் விடமாட்டேன்.

வார்டுத்தாதி (வவுனியா):
அதை யாரும் மறுக்கமாட்டார்கள். கிளாரித்ரோமைசின் மாதிரிக் கிருமிக்கொல்லி மருந்து தொடங்கினாலும் டொக்டருக்கு ஞாபகப்படுத்துங்கள், அது உடம்பில் இந்தக் குளிசையின் அளவைக் கூட்டிவிடும்.

வரம்போரம் (மல்லாவி):
எல்லாருக்கும் நன்றி. இன்றிரவே அப்பாவுக்குக் குளிசையைக் கொடுக்கிறேன். பையில் பெனோபைப்ரேற் என்று இன்னொன்றும் இருக்கிறதே அக்கா, அதுவும் கொழுப்புக்குத்தானாம்?

வார்டுத்தாதி (வவுனியா):
அது ஸ்டற்றின் இனம் இல்லை தம்பி. பெரும்பாலும் ஒப்பரேஷனுக்கு முதல் நாள் நிறுத்துவார்கள், இரண்டும் சேர்ந்தால் தசைப் பாதிப்புக்கு வாய்ப்புக் கூட. நீங்களாக முடிவெடுக்காமல் நாளைக்கே கிளினிக்குக்குப் போன் எடுத்து அதன் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.