80 கி.மீ. சாலைக்கு 299 கி.மீ. பைக் எதற்கு?

நெடுஞ்சாலைப் பயணி:

லிட்டர் பைக்குகள், அதாவது 1000 சி.சி. இன்ஜின் உள்ளவை, பொதுச்சாலைக்கு அளவு மீறிப் போய்விட்டன என்பது என் கருத்து. 1000 சி.சி. சூப்பர் பைக் எதை எடுத்தாலும் முதல் கியரிலேயே மணிக்கு 150 கி.மீ.யை நெருங்கிவிடும். மத்திய அரசு 2018-ல் அறிவித்த உச்சவரம்புப்படி நான்கு வழிச்சாலையில்கூட இரு சக்கர வாகனத்துக்கு 80தான். அதாவது சட்டத்துக்கு உட்பட்டு ஓட்டினால் இரண்டாவது கியரே தேவையில்லை. அப்படிப்பட்ட வண்டிக்குப் பதிவு எண் கொடுத்து, நாய் குறுக்கே வருகிற, எதிர்த்திசையில் டிராக்டர் வருகிற ரோட்டில் விடுகிறோம்.

இதைக் கம்பெனிகளே ஒரு காலத்தில் உணர்ந்திருந்தன. 1996-ல் ஹோண்டா பிளாக்பேர்ட் 280-ஐத் தாண்டியது, 1999-ல் சுஸுகி ஹயபூசா 300-ஐத் தாண்டியது, கவாசாகி இசட்எக்ஸ்-12ஆர் அதற்கும் மேலே போகும் என்று பேச்சு வந்தது. ஐரோப்பிய அரசுகள் தடை போட்டுவிடும் என்ற பயத்தில்தான் 299-ல் நிறுத்திக்கொள்வோம் என்று தங்களுக்குள் பேசி முடித்தார்கள். ஆனால் வரம்பு உச்ச வேகத்துக்கு மட்டும்தான். அந்த வேகத்தை எவ்வளவு சீக்கிரம் எட்டலாம் என்பதற்கு அந்தப் பேச்சில் வரம்பு இல்லை. அன்றைய ஹயபூசா 170 சொச்சம் குதிரைத்திறன். இன்று பிஎம்டபிள்யூ எஸ்1000ஆர்ஆர், டுகாட்டி பனிகாலே வி4 எல்லாம் 200-க்கு மேல், எடையும் ஹயபூசாவைவிட ஐம்பது கிலோவுக்கு மேல் குறைவு. என்னைக் கேட்டால் சாலையில் ஓடுவதற்கென்று விற்கும் பைக்குக்கு 150-ல் லிமிட்டர், அதாவது அதற்கு மேல் போகவிடாமல் தடுக்கும் கருவி, கட்டாயம் வேண்டும். எதிர்க்கருத்து உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஈசிஆர் பாலா:

எதிர்க்கருத்து என்னிடம் நிறையவே இருக்கிறது நண்பரே. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர், அரசே வெளியிட்ட கணக்கு. அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். அவர்கள் எந்த வண்டியில் போனார்கள்? இந்த நாட்டில் ஓடும் பைக்குகளில் ஆயிரத்தில் ஒன்றுகூட லிட்டர் பைக் கிடையாது. செத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் 100, 125 சி.சி. வண்டியில் ஹெல்மெட் இல்லாமலோ, குழியில் விழுந்தோ, லாரி பக்கவாட்டில் இடித்தோ செத்தவர்கள். அந்த உயிர்களைக் காப்பாற்ற ஒரு யோசனையும் சொல்லாமல், 17 லட்சம் கொடுத்து வாங்கி ஞாயிற்றுக்கிழமை காலையில் முழுப் பாதுகாப்பு உடையோடு ஓட்டுகிறவன் மேல் பாய்வது நியாயமே இல்லை.

இன்னொன்று. பைக் விபத்து ஆராய்ச்சி என்றாலே எல்லோரும் எடுக்கும் ஹர்ட் அறிக்கை, 1981-ல் அமெரிக்காவில் வந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 விபத்துகளை நேரில் போய்ப் பார்த்து எழுதியது. விபத்துக்கு முந்தைய வேகத்தின் நடுமதிப்பு மணிக்கு 48 கி.மீ.தான். வேறொரு வாகனம் சம்பந்தப்பட்ட விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு, அந்த வாகனக்காரர் பைக்குக்கு வழிவிடாமல் குறுக்கே வந்ததால். பெரிய இன்ஜின் பைக்குகள் விபத்துகளில் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருந்தன. ஆளைக் கொல்வது குதிரைத்திறன் இல்லை.

நெடுஞ்சாலைப் பயணி:

பாலா, அந்த அறிக்கையில் அதே இடத்தில் இன்னொன்றும் இருக்கிறது, பெரிய இன்ஜின் பைக்குகள் விபத்தில் சிக்கும்போது காயம் கடுமையாக இருந்தது என்று. அதை விட்டுவிட்டீர்கள். மேலும் அது 1970-களின் நடுவில் எடுத்த தரவு. அன்று உலகத்தின் ராட்சச பைக் என்று பேசப்பட்ட கவாசாகி இசட்1-இன் சக்தி 82 குதிரைத்திறன். இன்றைய லிட்டர் பைக்கை எடைபோட அந்த எண்கள் போதாது.

புதிய கணக்கு வேண்டுமென்றால் அமெரிக்க இன்சூரன்ஸ் நிறுவனங்களின் பணத்தில் இயங்கும் ஐ.ஐ.எச்.எஸ். அமைப்பு 2007-ல் வெளியிட்டது இருக்கிறது. 2005-ஆம் ஆண்டுத் தரவில், பதிவான 10,000 பைக்குகளுக்கு சூப்பர்ஸ்போர்ட் (ரேஸ் பைக் பாணியில் சாலைக்குச் செய்தது) வகையில் 22.5 ஓட்டுநர்கள் இறந்திருக்கிறார்கள், குரூஸர் (நிமிர்ந்து உட்கார்ந்து நிதானமாக ஓட்டுவது) மற்றும் சாதாரண பைக் வகையில் 5.7. ஏறத்தாழ நான்கு மடங்கு. எண்ணிக்கையில் குறைவு என்பதால் ஆபத்து குறைவு என்று ஆகிவிடாது.

ஈசிஆர் பாலா:

அந்தக் கணக்கில் சூப்பர்ஸ்போர்ட் ஓட்டி இறந்தவர்களின் சராசரி வயது 27. மற்ற வகைகளில் இறந்தவர்கள் அவர்களைவிட மிகவும் மூத்தவர்கள். அது பைக்கின் குணமா, வயதின் குணமா? இருபத்திரண்டு வயதுப் பையன் கையில் எதைக் கொடுத்தாலும் முறுக்கத்தான் செய்வான். கேடிஎம் கம்பெனியின் 390 டியூக் பைக்கே 160 போகிறது, 150 சி.சி. பைக் 110-ஐத் தாண்டுகிறது. 80 வரம்பைத் தாண்டுவதுதான் குற்றம் என்றால் தெருவில் நிற்கும் பாதி வண்டிகளையும் தடை செய்ய வேண்டும். கோட்டை எங்கே போடப் போகிறீர்கள்?

எலும்பு வார்டு செவிலி:

நான் பைக் ஓட்டுகிறவள் இல்லை, ஸ்கூட்டி மட்டும். ஆனால் நெடுஞ்சாலை விபத்துகள் வந்து சேரும் வார்டில் வேலை. எல்லோரும் ஓட்டுகிறவனைப் பற்றியே பேசுகிறீர்கள், அவனுக்கு எதிரில் வருகிறவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

மீடியன் இடைவெளியில் யூ டர்ன் அடிக்க நிற்கும் லாரிக்காரர், 300 மீட்டர் தூரத்தில் ஒரு ஹெட்லைட்டைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 80-ல் வந்தால் அவருக்கு 13 வினாடி இருக்கிறது. சரக்கு ஏற்றிய லாரியைத் திருப்ப அது போதும். அதே வெளிச்சம் 200-ல் வந்தால் ஐந்து வினாடிதான். ஒற்றை விளக்கை வைத்து வேகத்தை அளக்க மனிதக் கண்ணால் முடியாது, அவர் இத்தனை வருடம் பார்த்த பைக்குகளின் வேகத்தை வைத்துத்தான் முடிவு எடுக்கிறார். அவர் செய்தது தவறா? பாலா சார் சொன்ன "குறுக்கே வந்தார்" என்ற கணக்கில் இந்த லாரிக்காரரும் வந்துவிடுவார், கேஸும் அவர் மேல்தான் விழும். சாலையைக் கடக்கும் பாட்டிக்கும் இதே நிலைதான். ஓட்டுகிறவரின் திறமையால் இந்த ஐந்து வினாடியைப் பதின்மூன்று ஆக்க முடியாது. இதற்குப் பதில் சொல்லுங்கள்.

ஈசிஆர் பாலா:

சிஸ்டர், நீங்கள் சொல்வது 200-ல் போகிறவனைப் பற்றி. நானும் அவனை ஆதரிக்கவில்லை, அவன் லைசென்ஸை வாழ்நாள் முழுக்க ரத்து செய்தாலும் எனக்குச் சம்மதம். 200 போகக்கூடிய வண்டியை வைத்துக்கொண்டு 90-ல் போகிறவனையும் அவனோடு சேர்க்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். நல்ல பிரேக், நல்ல டயர், நல்ல சஸ்பென்ஷன் எல்லாம் அந்த வண்டியில்தான் இருக்கிறது. லாரியைத் தாண்டும்போது எதிர்ப்பக்கம் இருக்கும் நேரம் பாதியாகக் குறைகிறது. அதுவும் பாதுகாப்புதானே.

கோவை ஒர்க்‌ஷாப்:

இந்த வண்டிகளைப் பிரித்துப் பூட்டுகிறவன் என்ற முறையில் சில விஷயங்கள்.

எலெக்ட்ரானிக்ஸ் வந்ததால் பைக் பாதுகாப்பாகிவிட்டது என்பது பாதி உண்மை. 1992-ல் வந்த ஹோண்டா ஃபயர்பிளேடில் டிராக்‌ஷன் கண்ட்ரோல் (பின்சக்கரம் சுழன்று வழுக்காமல் தடுப்பது), ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) எதுவும் கிடையாது, 120 சொச்சம் குதிரைத்திறன். கொஞ்சம் அதிகம் முறுக்கினால் பின்சக்கரம் வழுக்கும், முன்சக்கரம் தூக்கும், ஓட்டுகிறவருக்கு வயிற்றைக் கலக்கும். 2015 யமஹா ஆர்1-இல் ஆறு அச்சு சென்சார் வந்தது, வண்டி எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் வழுக்குகிறது என்று கணக்குப் போட்டு இன்ஜினை அடக்குகிறது. சாய்ந்த நிலையில் பிரேக் பிடித்தாலும் விழாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் எல்லாம் அப்புறம் சாதாரணமாகிவிட்டது. நல்ல விஷயம்தான், அதனால் பிழைத்தவர்கள் நிச்சயம் இருக்கிறார்கள். ஆனால் வயிற்றைக் கலக்கும் அந்த எச்சரிக்கை போய்விட்டது. 200-ல் போவது 120 மாதிரித் தெரிகிறது. விழாமல் இருக்க சென்சார் உதவும், நிற்கும் தூரத்தைச் சுருக்க அதால் முடியாது. வேகம் இரட்டிப்பானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்கு. 200-ல் போகும்போது கண் பார்த்து கை பிரேக்கைத் தொடும் அந்த ஒரு வினாடியிலேயே 55 மீட்டர் போய்விடும், லோ பீம் வெளிச்சம் அவ்வளவுதான் தெரியும்.

கோடு எங்கே என்று பாலா கேட்டதற்கு என் பதில்: உச்ச வேகத்தில் பார்க்காதீர்கள், அதை எட்டும் நேரத்தில் பாருங்கள். 390 டியூக் 160-ஐ எட்ட மூச்சு வாங்கும், அதற்குள் ஓட்டுகிறவருக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். லிட்டர் பைக் ஐந்தாறு வினாடியில் அங்கே நிற்கும், ஸ்பீடோவைக் குனிந்து பார்ப்பதற்குள்.

லண்டன்வாசி:

இங்கே பிரிட்டனில் ஓட்டுகிறேன். சாலைப் போக்குவரத்தில் பைக்குகள் நூற்றுக்கு ஒன்று, சாலை மரணங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. அதனால் இந்த விவாதம் இங்கேயும் ஓயாமல் நடக்கிறது.

சக்திக்கு வரம்பு வைத்துப் பார்த்த நாடு பிரான்ஸ். 1980-களின் நடுவிலிருந்து சாலை பைக்குக்கு 100 குதிரைத்திறன்தான் என்று சட்டம். 2016-ல் அதை எடுத்துவிட்டார்கள். முப்பது வருடம் வைத்திருந்தும் அண்டை நாடுகளைவிட அங்கே பைக் மரணம் குறைந்தது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. பலர் வண்டியை வாங்கியதும் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கிக்கொண்டார்கள், இன்சூரன்ஸ் செல்லாமல் போகும் என்று தெரிந்தும். லிமிட்டர் கட்டாயம் என்றால் நம் ஊரிலும் அதைக் கழற்றித் தர அடுத்த வாரமே கடை திறந்துவிடுவார்கள்.

என்னைப் பொறுத்தவரை பலன் தருவது லைசென்ஸ் படிநிலை. 2013 ஜனவரியிலிருந்து இங்கே 17 வயதில் 125 சி.சி., 19 வயதில் 35 கிலோவாட் வரை, அதாவது 47 குதிரைத்திறன். அதில் இரண்டு வருடம் ஓட்டிவிட்டு மறுபடியும் ஓட்டுநர் தேர்வில் தேறினால்தான் வரம்பில்லாத லைசென்ஸ். நேரடியாகப் பெரிய பைக் வேண்டுமென்றால் 24 வயது ஆக வேண்டும். பதினெட்டு வயதுப் பையன் ஹயபூசாவைச் சாலையில் ஓட்டுவதே இங்கே சட்டவிரோதம்.

கோவை ஒர்க்‌ஷாப்:

நம் ஊர் நிலைமை தெரியுமே. ஆர்டிஓ ஆபீஸில் நூறு சி.சி. வண்டியில் எட்டு போட்டுக் காட்டினால் கியர் பைக் லைசென்ஸ். பதினெட்டு வயது. அதே அட்டையை வைத்துக்கொண்டு மறுநாள் ஷோரூம் போய் 190 குதிரைத்திறன் ஹயபூசாவை எடுத்து ஓட்டலாம், சட்டத்தில் ஒரு தடையும் இல்லை. லாரி ஓட்ட தனி லைசென்ஸ் கேட்கிற நாட்டில் இது எப்படி இத்தனை வருடம் விட்டுப்போனது என்று புரியவே இல்லை. அப்பா வாங்கிக் கொடுத்தார் என்று வண்டியோடு வரும் பையன்களைப் பார்க்கிறேன், நிறுத்தி ஸ்டாண்ட் போடவே அவர்களுக்குச் சரியாக வருவதில்லை. முதல் சர்வீஸுக்கு வரும்போதே பக்கவாட்டு ஃபேரிங்கை (வண்டியின் மேல்மூடியை) மாற்ற வேண்டியிருக்கிறது.

ஈசிஆர் பாலா:

இதில் நான் உங்கள் பக்கம் அண்ணே. முதலிலிருந்தே பிரச்சினை ஓட்டுகிறவனிடம் என்றுதான் சொல்கிறேன். படிநிலை லைசென்ஸ் வரட்டும், கட்டாயப் பயிற்சி வரட்டும். வேகம் வேண்டும் என்றால் இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் டிராக் இருக்கிறது, கோவையில் கரி டிராக் இருக்கிறது, பொதுமக்கள் ஓட்டுவதற்கான டிராக் டே கட்டணம் கட்டி ஓட்டட்டும், நானும் அங்கேதான் முறுக்குகிறேன்.

லிமிட்டரை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது. ஐரோப்பாவில் வேக வரம்பை எச்சரிக்கும் கருவியை 2024 ஜூலையிலிருந்து புதிய கார்கள் அத்தனைக்கும் கட்டாயமாக்கினார்கள், பைக்குகளை விட்டுவிட்டார்கள். பைக் சாய்ந்து திரும்பும்போது திடீரென்று சக்தி அறுந்தால் சமநிலை கெட்டுவிடும். பாதுகாப்புக்கு வைத்த கருவியே ஆளை விழத்தட்டும்.

நெடுஞ்சாலைப் பயணி:

திடீரென்று அறுக்கச் சொல்லவில்லையே. இன்றைய பைக்கில் த்ரோட்டிலுக்கும் (கையால் முறுக்கும் ஆக்ஸிலேட்டருக்கும்) இன்ஜினுக்கும் நடுவே கேபிளே இல்லை, கம்ப்யூட்டர்தான் இருக்கிறது. 299-ல் அது எப்படி மெல்ல அடக்குகிறதோ அதேபோல் 150-லும் அடக்கலாம். ஜப்பானில் உள்நாட்டு பைக்குகளுக்கு 180-ல் லிமிட்டர் வைத்து விற்றார்கள், பெரிய பைக்குகளுக்கு 100 குதிரைத்திறன் என்ற சுயக்கட்டுப்பாடு 2007 வரை இருந்தது. ஹயபூசாவைச் செய்த நாட்டிலேயே நிலைமை அப்படித்தான் இருந்தது.

டிராக்குக்கு மட்டும் என்று விற்பதும் புதிதல்ல. யமஹா 2025-லிருந்து ஐரோப்பாவில் ஆர்1-ஐ சாலைப் பதிவுக்கு விற்பதில்லை, டிராக் வண்டியாக மட்டும் விற்கிறது. புகைக் கட்டுப்பாடும் விற்பனைக் கணக்கும்தான் காரணம், பாதுகாப்பு இல்லை. ஆனாலும் அந்த பைக்கை நேசிப்பவர்கள் அதை டிராக்கில் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நீங்களே டிராக்கில்தான் முறுக்குகிறேன் என்கிறீர்கள். பிறகு சாலையில் அந்த மிச்சம் 150 எதற்கு?

ஈசிஆர் பாலா:

சாலையில் அதைத் தொடாமல் ஓட்டுவது என் பொறுப்பு, அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன், அதனால்தான் வண்டி என்னுடையது. எவனோ ஒருவன் செய்யும் தவறுக்காக என் வண்டியில் பூட்டுப் போடச் சொல்லாதீர்கள்.

எலும்பு வார்டு செவிலி:

சார், நீங்கள் பொறுப்பானவர் என்று நம்புகிறேன். ஆனால் யூ டர்னில் நிற்கும் லாரிக்காரருக்கு வருவது நீங்களா, அந்த எவனோ ஒருவனா என்று எப்படித் தெரியும்? நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

லண்டன்வாசி:

சிஸ்டரின் கேள்விக்கு லைசென்ஸ் படிநிலையாலும் முழுப் பதில் இல்லை, இங்கேயும் 24 வயதுக்கு மேல் அப்படிப் போகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அதற்குச் சராசரி வேகம் அளக்கும் கேமராதான் வழி. ஓர் இடத்தில் மட்டும் பிரேக் பிடித்துத் தப்பிக்க முடியாது, இரண்டு கேமராக்களுக்கு நடுவே எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து அபராதம் வந்துவிடும். பின்பக்க நம்பர் பிளேட்டைப் படிக்கிற மாதிரி வைக்க வேண்டும், இங்கே பைக்குக்கு முன்னால் பிளேட் இல்லை.

கோவை ஒர்க்‌ஷாப்:

பிளேட்டை மடக்கி ஒளித்துக்கொண்டு ஓட்டுகிறவர்களை முதலில் பிடிக்க வேண்டும். மடக்கும் பிராக்கெட் கேட்டு என் கடைக்கே வருகிறார்கள், திருப்பி அனுப்பிவிடுவேன். போக்குவரத்துத் துறைக்குப் படிநிலை லைசென்ஸ் கேட்டு மனு எழுதுவதாக இருந்தால் இங்கே இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதலாம். 50 குதிரைத்திறனுக்கு மேல் தனித் தேர்வு, அதுவும் அந்த எடை, அந்த சக்தி உள்ள வண்டியிலேயே. எட்டு மட்டும் போதாது, 60-லிருந்து அவசர பிரேக் பிடித்து நிறுத்திக் காட்ட வேண்டும்.

ஈசிஆர் பாலா:

அதற்கு என் கையெழுத்து உண்டு, கேமராவுக்கும் உண்டு. லிமிட்டர் என்று ஒரு வரி இருந்தாலும் போட மாட்டேன்.

நெடுஞ்சாலைப் பயணி:

சரி, லைசென்ஸ் மனுவைத் தனியாகவே எழுதுவோம், நாளை வரைவு போடுகிறேன். லிமிட்டருக்கு நான் தனியாக இன்னொன்று எழுதுகிறேன், சிஸ்டரின் கேள்வியை அதில் முதல் பத்தியாக வைக்க அவர் அனுமதி தர வேண்டும்.