கொல்லையில் ஆறுமணிக்குருவி, உப்பளத்தில் பூநாரை: வரைந்தவர்கள் சொல்லுங்கள்

மன்னார்குடிக்காரி:
ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலை, எங்கள் கொல்லையில் வாழைச் சருகுக்கு நடுவே ஆறுமணிக்குருவி நின்றது. ராத்திரியெல்லாம் வலசை பறந்து வந்த களைப்போ என்னவோ, நான் நோட்டோடு படியில் உட்கார்ந்ததைக் கண்டுகொள்ளவே இல்லை. பச்சை முதுகு, கண்ணோடு ஓடும் கறுப்புப் பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு எல்லாம் குறித்துக்கொண்டேன். நிழலில் நின்றவரை தோளில் நீலம் இருப்பதே தெரியவில்லை, புழுவைக் கொத்த வெயிலுக்கு ஒரு தத்து தத்தியது பாருங்கள், பளிச்சென்று ஒரு நீலம்! அடுத்த தத்தில் காணோம். அப்புறம் பக்கத்து வீட்டுப் பூனை சுவரேறியது, குருவியும் போய்விட்டது. கேம்லின் டப்பாவில் இருக்கிற நீலத்தையெல்லாம் கலந்தாயிற்று, எதுவும் அதுவாகவில்லை. வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

வேதாரண்யம் உப்பு:
எனக்கு நீலம் இல்லை, சாம்பல். கோடியக்கரை உப்பளப் பக்கம் மகளோடு போய்ப் பூநாரை வரைந்தோம். அன்றைக்கு வந்திருந்த கூட்டத்தில் நிறைய இளசுகள், அழுக்குச் சாம்பல் நிறம். பார்த்தபடியே வரைந்து ஓவியப் போட்டிக்குக் கொடுத்தாள். நடுவராக வந்தவர் "பூநாரைன்னா ரோஸ்தானே பாப்பா" என்று க்ரேயானை எடுத்து அவள் படத்தின் மேலேயே தீட்டிக் காட்டினார். அவள் எதுவும் பேசாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள், இன்னும் எனக்கு ஆறவில்லை. 1967லேயே சரணாலயமான ஊர்ப் பக்கத்துப் பிள்ளைக்கு நிறம் சொல்லித் தருகிறார்! பாசியும் உப்புநீர் இறாலும் தின்று அந்த ரோஸ் ஏறச் சில வருஷம் ஆகும். வளர்ந்ததுகூட இறக்கையை மூடி நின்றால் தூரத்துக்கு வெள்ளைதான்.

தஞ்சாவூர் தூரிகை:
மன்னார்குடி அக்கா, நீங்கள் தேடுவது டப்பாவில் கிடைக்காது. அந்த இறகில் நீலச் சாயமே கிடையாது, இறகுக்குள் இருக்கிற நுண்ணிய அமைப்பு வெளிச்சத்தைச் சிதறடிப்பதால்தான் நமக்கு நீலமாகத் தெரிகிறது. அதனால் நீலத்தை அடர்த்தியாக்கிப் பயனில்லை, சுற்றியிருக்கிற பச்சையை மங்கலாக்குங்கள். தோள் இடத்தைத் தாளின் வெள்ளையாகவே விட்டுவிட்டு, மற்றதெல்லாம் காய்ந்த பிறகு தண்ணீராட்டம் ஒரே ஒரு பூச்சு. கறுப்பைக் கலக்கவே கலக்காதீர்கள். ரூல்டு நோட்டு வேண்டாம், கெட்டித் தாள் வாங்குங்கள். முதலில் நிறத்தைப் பிடிக்காமல் நிலையைப் பிடியுங்கள்: குட்டை வால், நீளக் கால், நிமிர்ந்த நெஞ்சு. இன்னொன்று, போனில் அதன் குரலைப் போட்டு வரவழைக்கிற வேலையெல்லாம் வேண்டாம், ஏற்கெனவே களைத்து வந்தது. நான் இதுவரை வடுவூர் ஏரிக்கரையில் சாயங்காலம் அதன் விசிலைக் கேட்டதோடு சரி.

மன்னார்குடிக்காரி:
பார்க்காமலே இவ்வளவா தம்பி! குரலைப் போட்டேன் என்று நான் எங்கே சொன்னேன்? என் தாள் கெட்டித் தாள்தான்.

டவுன் பஸ் ஜன்னல்:
சண்டை இருக்கட்டும். திருத்துறைப்பூண்டி ரோட்டில் சம்பா வயலுக்கு மேலே கரண்டு கம்பியில் நீலவால் பஞ்சுருட்டான் குருவிகள் வரிசை. ஒன்று தட்டானைப் பிடித்து வந்து கம்பியில் அடி அடியென்று அடித்தது, தட்டானின் இறக்கை பிய்ந்து காற்றில் போனது. அந்தக் கழுத்துத் திருப்பத்தை டிக்கெட்டின் பின்பக்கம் பாதி வரைவதற்குள் டிரைவர் பஸ்ஸை எடுத்துவிட்டார். அந்த ரோட்டில் இறங்கி நின்று வரைய நிழலான இடம் யாருக்காவது தெரியுமா?