கடலோரப் பள்ளியில் சூரியக் குடும்பத்தை எவ்வாறு அறிமுகப்படுத்துவது?

கேள்வி – ஆசிரியை, தொண்டி:
ஆறாம் வகுப்பில் சூரியக் குடும்பத்தை நடத்தவிருக்கிறேன். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணத்தை, அதாவது நவகிரகங்களைக் குறிக்கும் ஒன்பது கற்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், கோள்கள் ஒன்பது என்றே உறுதியாகச் சொல்கிறார்கள். அவர்களின் நம்பிக்கையைப் புண்படுத்தாமல் எட்டுக் கோள்களை எவ்வாறு விளக்கலாம்?

பதில் – ஓய்வுபெற்ற ஆசிரியர், இராமநாதபுரம்:
அம்மா, அந்த ஒன்பதிலிருந்தே தொடங்குங்கள். அவற்றுள் புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஆகிய ஐந்தும் வெறுங்கண்ணுக்குத் தெரியும் கோள்கள். சூரியன் விண்மீன், சந்திரன் துணைக்கோள். இராகுவும் கேதுவும் சந்திரனின் பாதை சூரியனின் தோற்றப் பாதையை வெட்டும் இரு புள்ளிகள் என்பதால், கிரகணப் பாடத்துக்கும் அங்கிருந்தே சென்றுவிடலாம். ஐந்துடன் பூமியையும், 1781இல் கண்டறியப்பட்ட யுரேனஸையும், 1846இல் கண்டறியப்பட்ட நெப்டியூனையும் சேர்த்தால் எட்டு. 2006இல் குறுங்கோளாக வகைப்படுத்தப்பட்ட புளூட்டோவைப் பற்றிப் பிள்ளைகள் கேட்டால் மட்டும் சொன்னால் போதும்.

பதில் – பாம்பன் வாசகர்:
எண்ணிக்கையைவிடத் தொலைவை உணர்த்துவதே கடினம் என்பது என் கருத்து. கடற்கரை மணலில் ஒரு மீட்டர் அகலத்துக்குச் சூரியனை வரைந்தால், 9 மி.மீ. அளவுள்ள பூமியை ஏறத்தாழ 107 மீட்டர் தள்ளியும், 10 செ.மீ. அளவுள்ள வியாழனை 560 மீட்டர் தள்ளியும் வைக்க வேண்டும். யுரேனஸ் ஏறக்குறைய 2 கி.மீ. தொலைவில், அதாவது கிட்டத்தட்ட பாம்பன் ரயில் பாலத்தின் நீளத்துக்குத் தள்ளி இருக்கும், நெப்டியூன் 3.2 கி.மீ.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. அவ்வளவு தூரம் பிள்ளைகளை நடத்திச் செல்ல இயலாது. வியாழன் வரை முயல்கிறேன்.

பதில் – பாம்பன் வாசகர்:
அதுவே போதும். ஆனால் கோள்கள் எப்போதும் ஒரே வரிசையில் நிற்பதில்லை என்பதை மறவாமல் சொல்லுங்கள். சுவர்ப் படங்கள் அந்தத் தவறான எண்ணத்தைத்தான் வளர்க்கின்றன.