துண்டு போட்டுப் பிடித்த இடம்

வீடு தல்லாகுளத்தில். எதிர்சேவை இரவு வீடு நிறைய ஆட்கள். விடியுமுன்னே ஒன்பது பேர் ஆற்றுக்குக் கிளம்பினார்கள், அழகரைப் பார்த்துவிட்டு அப்படியே ஊருக்கும் போய்விட்டார்கள். பத்து மணிக்கு அலங்காநல்லூர் மாமா குடும்பம் வந்தது. மூன்று போனில் வைஃபை வந்தது, மாமா போனில் மட்டும் 'ஐபி முகவரி பெறப்படுகிறது' என்று சுற்றிக்கொண்டே இருந்தது.

"என்ன மாப்ள, மாமனுக்கு மட்டும் பாஸ்வேர்டை மாத்திச் சொல்லிட்டியா?"

ரௌட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டிருந்தால் சரியாகியிருக்குமோ என்னவோ. மாடியில் மச்சான் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தார், அணைக்க விடவில்லை. சரி என்று பிரவுசரில் ரௌட்டரின் முகவரி 192.168.1.1 போட்டு உள்ளே போனேன். வைஃபைக்கு வரும் ஒவ்வொரு கருவிக்கும் ரௌட்டர் ஒரு ஐபி முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி பக்கத்தில்தான் விஷயம் இருந்தது. தொடக்கம் 100, முடிவு 119. கனெக்‌ஷன் கொடுக்க வந்தவர் வைத்துவிட்டுப் போனது. ஆக மொத்தம் இருபதே முகவரி. டிவி, பிரிண்டர், இரண்டு கேமரா, எங்கள் நான்கு போன் என எட்டு போய்விட்டது. ஒன்பது இரவு விருந்தாளிகள், காலையில் வந்த மூவர். இருபது நிறைந்துவிட்டது, மாமா இருபத்தொன்றாவது ஆள்.

ஆனால் அந்த ஒன்பது பேர்தான் போய்விட்டார்களே? அங்கேதான் லீஸ் டைம், ஒருவருக்குக் கொடுத்த முகவரி எவ்வளவு நேரம் அவருக்கே என்ற கெடு. 86400 என்று இருந்தது. வினாடிக் கணக்கு, அதாவது முழுசாக ஒரு நாள். பஸ்ஸில் ஜன்னல் வழியே துண்டைப் போட்டுவிட்டு ஆள் இறங்கிப் போன மாதிரி. சீட் காலி, துண்டு கிடக்கிறது, கண்டக்டர் யாரையும் உட்கார விடமாட்டேன் என்கிறார்.

முடிவை 250 ஆக்கினேன், லீஸை 7200 ஆக்கினேன், அதாவது இரண்டு மணி நேரம். எங்கள் ரௌட்டர் சேவ் கொடுத்ததும் ரீஸ்டார்ட் ஆகவில்லை, மச்சான் தப்பித்தார். மாமா வைஃபையை அணைத்துப் போட்டதும் வந்துவிட்டது. பாஸ்வேர்டில்தான் ஏதோ செய்தேன் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

*

அண்ணே, துண்டு சரியான உவமை. எனக்கு நடந்தது கீழமாசி வீதியில், ஒரு மளிகை மொத்தக் கடையில். மதியம் ஒன்றிலிருந்து இரண்டுக்குள் ஏலக்காய் மூட்டை ஒன்று காணோம். கேமரா பதிவுப் பெட்டியான டிவிஆரில் அந்த நேரத்தை எடுத்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. பையன்கள்மேல் சந்தேகம் வந்துவிட்டது. மறுபடி ஓட்டும்போதுதான் கவனித்தேன், கல்லாவுக்குப் பின்னால் சுவர்க் கடிகாரம் பத்தரை காட்டுகிறது, மூலையில் டிவிஆர் 13:00 என்கிறது.

அதன் செட்டிங் பக்கம் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில்தான் ஒழுங்காகத் திறக்கும். அதை 2022 ஜூனில் மைக்ரோசாஃப்ட் நிறுத்தியாயிற்று, எட்ஜ் பிரவுசரில் பழைய எக்ஸ்ப்ளோரர் மாதிரி திறக்கும் ஐஇ மோடு போட்டுத்தான் நுழைந்தேன். நேர மண்டலம் ஜிஎம்டி+8, பெட்டியில் வந்தபடியே சீன நேரம். நம்முடையது ஐந்தரை. இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. உடனே மாற்றாதீர்கள். கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளினால் அந்த இரண்டரை மணிக்கு இரண்டு பதிவு விழுந்து குழம்பும், முதலில் காப்பி எடுத்துவிட்டு அப்புறம் மாற்றுங்கள். டிவிஆர் கணக்கில் 15:50, அதாவது நிஜத்தில் ஒன்று இருபது, அங்கே பார்த்தோம், மூட்டை உசிலம்பட்டி டெம்போவில் வேறு சரக்கோடு சேர்ந்து ஏறியிருந்தது. பையன்களிடம் முதலாளி அன்று சாயங்காலம் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் ஆனார்.

*

இருவருமே உள்ளே போன பாஸ்வேர்டு என்ன என்று சொல்லவில்லையே, பெயரும் பாஸ்வேர்டும் பெட்டியில் வந்தபடியே அட்மின் அட்மின்தானே? 2016இல் மிராய் என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்தது அப்படிப்பட்ட பாஸ்வேர்டுகளை வைத்துத்தான். பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு லாட்ஜில் வைஃபை சரிபார்க்கக் கூப்பிட்டார்கள். அங்கேயும் அதே கதை. மாற்றிவிடலாமா என்று மேனேஜரிடம் கேட்டேன்.

"மாத்துங்க தம்பி, ஆனா மறந்துபோயிரும். அந்த மெஷின் மேலயே பெருசா எழுதி ஒட்டிட்டுப் போங்க."