இத்தனூண்டு பல்புக்காக ஒரு ஃப்ளைட்டே விழுமா?

ராத்திரிப்பறவை:
ஈஸ்டர்ன்ங்கற அமெரிக்க ஏர்லைன்ஸோட ஃப்ளைட் 401 விழுந்தத பத்தி நேத்து படிச்சதுல இருந்து மண்டை குடையுது. 1972 டிசம்பர் 29, நியூயார்க்ல இருந்து மயாமிக்கு வந்த ட்ரைஸ்டார், அப்போ புத்தம் புது மாடல், இறங்கப் போற நேரத்துல முன் சக்கரம் லாக் ஆயிடுச்சுன்னு காட்டுற பச்சை லைட் எரியல. சரி பாத்துட்டு வரோம்னு 2000 அடிக்கு ஏறி, ஆட்டோபைலட்ட போட்டுட்டு அந்த லைட்ட நோண்டிட்டு இருந்துருக்காங்க, ப்ளேன் கொஞ்சம் கொஞ்சமா இறங்கிப் போய் எவர்க்ளேட்ஸ் சதுப்புல விழுந்துருச்சு. 176 பேர்ல 101 பேர் செத்துட்டாங்க. இத்தனைக்கும் சக்கரம் ஒழுங்கா இறங்கித்தான் இருந்துச்சாம், பல்பு தான் ஃப்யூஸ். காக்பிட்ல மூணு பேர், கூட மெயின்டனன்ஸ் ஆள் ஒருத்தர். நாலு பேர்ல ஒருத்தர் கூடவா ஆல்டிமீட்டர, அதான் உயரம் காட்டுற மீட்டர, பாக்கல? வெறும் அஜாக்கிரதை தானா இது?

ஹேங்கர்_மணி:
அஜாக்கிரதைன்னா யாருமே வேலை பாக்காம இருந்துருக்கணும் தம்பி. இங்க நாலு பேருமே மும்முரமா வேலை தான் பாத்துட்டு இருந்தாங்க, கொடுமையே அதான். ஃபர்ஸ்ட் ஆபிசர், அதாவது கோ-பைலட், லைட்டோட மூடிய கழட்டி திருப்பி மாட்டும்போது அது கோணலா போய் சிக்கிக்கிச்சு, அவர் அதோட மல்லுக்கட்டிட்டு இருக்காரு. கேப்டன், ஃப்ளைட் இன்ஜினியர தரைக்கு கீழ இருக்குற எலக்ட்ரானிக்ஸ் அறைக்கு அனுப்பி சக்கரத்த கண்ணால பாத்துட்டு வரச் சொல்லிட்டாரு. அந்த மெயின்டனன்ஸ் ஆளும் அப்புறம் கீழ போயிட்டாரு. கல்யாண வீட்டுல அத்தனை பேர் இருந்தும் அடுப்புல வச்ச பால யாரும் பாக்காம பொங்கி வழிஞ்ச கதை தான்.

அந்த ப்ளேன்ல பைலட் கையில பிடிச்சு ஓட்டுற கம்ப (கன்ட்ரோல் காலம்) லேசா தள்ளினாலே உயரத்த பிடிச்சு வச்சிருக்குற வேலைய ஆட்டோபைலட் விட்டுரும், ஆனா ஆட்டோபைலட் முழுசா ஆஃப் ஆகாது. கேப்டன் இன்ஜினியர் கிட்ட பேசத் திரும்பும்போது இடிச்சிருக்கலாம்ங்கறாங்க. 250 அடி இறங்கினதும் ஒரு மணிச்சத்தம் அடிச்சுது, அரை செகண்ட் தான், அதுவும் இன்ஜினியர் சீட் பக்கத்து ஸ்பீக்கர்ல. அவரு தான் அங்க இல்லையே!

ராத்திரிப்பறவை:
சரி மணி அண்ணே, ஆனா கீழ இறங்குறது உடம்புக்குத் தெரியாதா? தரைல இருந்து ப்ளேன்களுக்கு வழி சொல்ற ஏடிசி ராடார்ல கூடவா தெரியல?

ஹேங்கர்_மணி:
மெதுவா இறங்கினா உடம்புக்குத் தெரியவே தெரியாது. வெளிய பாத்தா தெரியுமேன்னா, எவர்க்ளேட்ஸ் மேல நிலா இல்லாத ராத்திரி, ஒரு விளக்கு கிடையாது, கும்மிருட்டு. ஏடிசில ஒருத்தர் ராடார்ல 900 அடின்னு பாத்தாரு. ஆனா அந்தக் காலத்து ராடார் அப்பப்போ உயரத்த தப்பா காட்டும், அதனால உன் உயரம் என்னன்னு கேக்காம, அங்க எப்டி போயிட்டு இருக்குன்னு பொதுவா கேட்டாரு. இவங்க லைட்ட பத்தி தான் கேக்குறாருன்னு நினைச்சு, திரும்பி வரோம்னு பதில் சொல்லிட்டாங்க. கடைசில ஃபர்ஸ்ட் ஆபிசர் தான் உயரத்துல என்னமோ பண்ணிட்டோம், இன்னும் 2000ல தான இருக்கோம்னு கேக்குறாரு. அப்புறம் சில செகண்ட் தான்.

சாங்கி_வாசு:
பழைய கதைன்னு விட்டுறாதீங்க, எங்க ஊர்லயே நடக்கப் பாத்துச்சு. 2010 மே 27, டார்வின்ல இருந்து சிங்கப்பூர் வந்த ஜெட்ஸ்டார் ஏ321. ஓட்டுனது ஃபர்ஸ்ட் ஆபிசர். 2500 அடிக்கும் 2000 அடிக்கும் நடுவுல கேப்டனோட மொபைல்ல மெசேஜ் வரிசையா டொய்ங் டொய்ங்னு வந்துருக்கு, ஆஃப் பண்ண மறந்துட்டாரு. ஃபர்ஸ்ட் ஆபிசர், லேண்டிங்க விட்டுட்டு மேல ஏற வேண்டி வந்தா எவ்ளோ உயரம்னு செட் பண்ணச் சொல்லி கேக்குறாரு, பதில் இல்ல, மறுபடி கேக்குறாரு, பதில் இல்ல, திரும்பிப் பாத்தா மனுஷன் ஃபோன்ல மூழ்கி இருக்காரு. ஆஃப் பண்ணத்தான் அத அன்லாக் பண்ணிட்டு இருந்தாராம். 1000 அடில ஃபர்ஸ்ட் ஆபிசருக்கு என்னமோ சரியில்லன்னு தோணுச்சு, ஆனா என்னன்னு பிடிபடல. சக்கரமே இறக்கலங்க! 720 அடில வார்னிங் கத்த, கேப்டன் 650 கிட்ட சக்கர லீவர இறக்குறாரு, ஃபர்ஸ்ட் ஆபிசரோ திரும்ப ஏறத் தயாராகுறாரு, ஆளுக்கு ஒன்னு நினைக்கிறாங்க, வாயத் தொறந்து பேசிக்கல. 392 அடில தான் ஏற ஆரம்பிச்சாங்க.

கறார்_கந்தசாமி:
எல்லாத்துக்கும் சைக்காலஜி பேசிட்டா யாரையும் எதுவும் கேக்க முடியாது. ஃபோன வீட்டுப் பிரச்சனையோட சேத்து ஆஃப் பண்ணிட்டு ஏறணும், அவ்ளோதான். 1974 செப்டம்பர் 11 என்னாச்சு? அதே ஈஸ்டர்ன், ஃப்ளைட் 212, சார்லட்ல காலைப் பனிமூட்டத்துல இறங்கும்போது காக்பிட்ல அரசியலும் பழைய காரும் பேசிட்டு வந்தாங்க, ரன்வேக்கு முன்னாடியே தரைல மோதி 72 பேர் செத்தாங்க. அப்புறம் தான் 1981ல அமெரிக்காவுல 10,000 அடிக்குக் கீழ வேலைக்கு சம்பந்தமில்லாத பேச்சே கூடாதுன்னு ரூல் போட்டாங்க. ரூல் இருக்கு, மீறினா தப்பு மீறினவன் மேல.

ஹேங்கர்_மணி:
கந்தசாமி சார், 212க்கு நீங்க சொல்றது முழுக்க சரி. ஆனா 401ல ஒரு வார்த்தை வெட்டிப் பேச்சு கிடையாது, பேசினது பூராவும் சக்கரத்த பத்தி தான். உங்க ரூல் அன்னைக்கு இருந்துருந்தாலும் ப்ளேன் விழுந்துருக்கும். அங்க இல்லாம போனது ஒரே ஒரு வாக்கியம்: நீ ஓட்டு, நான் லைட்ட பாக்குறேன். இப்போ அத ட்ரெய்னிங்லயே சொல்லிக் குடுக்குறாங்க, ஒருத்தர் கண்ணு ப்ளேன விட்டு எடுக்கவே கூடாது.

ராத்திரிப்பறவை:
அப்போ 2020ல கராச்சில விழுந்த பிஐஏ, பாகிஸ்தான் ஏர்லைன்ஸ் ப்ளேன்? அவங்களுக்கும் இதெல்லாம் சொல்லிக் குடுத்துருப்பாங்களே.

ஹேங்கர்_மணி:
குடுத்துருப்பாங்க. இருந்தும் கொரோனா பத்தியே பேசிட்டு வந்தாங்கன்னு பாகிஸ்தான் விமானத்துறை அமைச்சர் பார்லிமெண்ட்லயே சொன்னாரு. ரொம்ப உயரமா வரீங்கன்னு ஏடிசி எச்சரிச்சும் கேக்கல, இறக்கின சக்கரத்த மறுபடி மேல இழுத்துட்டு, வார்னிங் அத்தனையும் கத்தக் கத்த இன்ஜினாலயே ரன்வேய தேச்சுட்டு மேல ஏறினாங்க. ரெண்டு இன்ஜினும் நின்னு போய் குடியிருப்பு மேல விழுந்துச்சு, உள்ள இருந்த 99 பேர்ல ரெண்டு பேர் தான் பொழச்சாங்க. இதுல இன்னொன்னு, டவர்ல இருந்தவங்க இன்ஜின் தரைல உரசினத கண்ணால பாத்தாங்க, இறங்க வர்ற ப்ளேன்கள கவனிக்கிற அப்ரோச் கன்ட்ரோலுக்கு ஃபோன் போட்டும் சொன்னாங்க. ப்ளேன்ல இருந்தவங்களுக்கு மட்டும் யாரும் சொல்லல.

கறார்_கந்தசாமி:
இந்த டவர் விஷயம் எனக்குத் தெரியாது. ஆனா கராச்சி பைலட்ட நான் விடமாட்டேன்.